கொய்யாச் சந்தில் அப்படி யாருமில்லை

எங்கள் கொய்யாச் சந்துக்குக் கடிகாரம் பாமிதான். விடியற்காலையில் அவளுடைய நீலக் கேட் கிறீச்சென்று திறந்தால் சிஸ்டர் மெர்டெல் எழுந்து உரக்க ஜெபிக்கத் தொடங்குவாள். அந்தச் சத்தத்தில் கர்த்தர் கேட்பதற்கு முன்பே நாங்கள் விழித்துக்கொள்வோம். கேட்டுக்கு எண்ணெய் போடட்டுமா என்று பாமி ஒருமுறை கேட்டாள். சந்தே சேர்ந்து வேண்டாம் என்றது.

பாமி என்றால் வட்டமான மரவள்ளி ரொட்டி. பிறந்தபோது அவள் முகம் அப்படி இருந்ததாம். டிவியில் அவளுக்கு கெசாயா டங்க்ளி என்று பெயர். நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் ஜமைக்காவின் முன்னணி வரிசையில் வருகிறவள். அம்மா இங்கிலாந்தில் நர்ஸ் வேலையில் இருக்கிறாள். இங்கே பாமியும், ஜட்ஜ் என்கிற நாயும். சந்து தொடங்கும் இடத்தில் இருக்கும் மாஸ் செப்பியின் கடைச் சுவரில், அவள் தடை தாண்டுகிற மாதிரி பெரிய படம் ஒன்று உண்டு. வரைந்தவன் கழுத்துவரை அருமையாகத்தான் வரைந்தான். முகம் மட்டும் எப்படியோ அவனுடைய மாமியாரின் முகமாகிவிட்டது.

நான் மிஸ் ஐவி. தலை பின்னுவது என் தொழில். என் ஜன்னல் பாமியின் கேட்டுக்கு நேர் எதிரே. நான் ஒட்டுக் கேட்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. நடுவில் இருப்பது தகரவேலி. என் காதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஓட்டக்காரியின் ஒரு நாளை எதிர்வீட்டிலிருந்து பார்த்த யாரும் தங்கள் பெண்ணை அந்தத் தொழிலுக்கு அனுப்பமாட்டார்கள். எழுந்ததும் சோளமாவுக் கஞ்சி. பிறகு முற்றத்துச் சிமெண்டில் மல்லாந்து படுத்து, பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி, ஒரு காலை ஆகாயத்துக்கு இழுப்பாள். அப்புறம் அடுத்த கால். லூவின் என்கிற கோச் தன் ஓட்டைக் காரில் வந்து ஹாரன் அடிப்பார். வெயில் ஏறுவதற்குள் புல் மைதானம். தடைகளை இடதுகாலால் எழும்பித் தாண்டுவது, பிறகு அதே தடைகளை வலதுகாலால் எழும்பித் தாண்டுவது. ஆள் களைத்து விழுந்த பிறகுதான் உண்மையான பயிற்சியே ஆரம்பம் என்பார் அவர். ஒரு நாள் நானும் பார்க்கப் போயிருந்தேன். கடைசி ஓட்டம் முடிந்ததும் பாமி புல்லில் மண்டியிட்டு, குடித்த கஞ்சியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். "நல்லா ஓடினே" என்றார் கோச். என் வீட்டுக்காரர் நான் வாந்தியெடுக்கும்போது அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் வேறு வீடு பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மதியம் கோழியும் யாம் கிழங்கும், இரண்டு ஆள் அளவு. அவ்வளவும் எங்கே போகிறதென்று தெரியாது. எனக்கோ அவள் சாப்பிடுவதைப் பார்த்தாலே இடுப்பில் ஏறுகிறது. பிறகு ஒரு தூக்கம். அப்புறம் எடை தூக்கல். அப்புறம் தசை பிடித்துவிடுகிறவரிடம் போய் ஒரு அழுகை. சாயங்காலம் முற்றத்தில் பாதியாக அறுத்து வைத்த பீப்பாயில் ஐஸைக் கொட்டி இடுப்புவரை இறங்குவாள். இறங்கும்போது ஒரு அலறல். புதிதாகக் குடிவந்தவர்கள் போலீசைக் கூப்பிடப் பார்ப்பார்கள். நாங்கள் அடுப்பில் சட்டியை வைப்போம். வெள்ளிக்கிழமை இரவில் தெருமுனையில் பாட்டுப்பெட்டி தகரத்தையெல்லாம் அதிர வைக்கும். அந்த வயசுப் பெண் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கும்.

ஐஸ் மாஸ் செப்பியின் கடை ஃப்ரீசரிலிருந்து வருகிறது. அவர் காசு வாங்குவதில்லை. "ஐஸ்னா என்ன, தண்ணிதானே" என்பார். தண்ணீரை ஐஸாக்குகிற கரண்டுக்கும் அவர் காசு கொடுப்பதில்லை என்பது சந்துக்குள்ளேயே இருக்க வேண்டிய சங்கதி. அவர் மட்டும் என்ன, கம்பத்திலிருந்து கொக்கி போடாத வீடு எங்கள் சந்தில் ஒன்றுதான் உண்டு. பத்திரிகையில் படம் வந்த வாரமே பாமி மீட்டர் வைத்துக்கொண்டாள். "நான் மாட்டினா, மெடல் வாங்கினவ கரண்ட் திருடினாள்னு போடுவாங்க மிஸ் ஐவி." புத்திசாலிப் பெண்.

இந்தக் கொக்கிகளால் எங்களுக்கு ஒரு பழக்கம். சட்டைப் பையில் எழுத்துத் தைத்த, கழுத்தில் அட்டை தொங்குகிற ஆள் யார் வந்து யாரைக் கேட்டாலும் அப்படி ஒருவர் எங்கள் சந்தில் இல்லை. எந்தக் கேட்டிலும் எண் கிடையாது. வளைவுக்கு அப்பால் சந்து இருப்பதே வெளியாளுக்குத் தெரியாது.

தேசியத் தேர்வுப் போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு மாலை பாமி தலை பின்ன வந்தாள். தலை என் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும்போது யாரும் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. மறைத்தால் இழுத்துப் பின்னுவேன்.

"என்ன பொண்ணே, தோள் இப்படி இறுகிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல மிஸ் ஐவி."

இழுத்தேன்.

"ஐயோ! சொல்றேன், சொல்றேன். புதன்கிழமை காலையில ஊக்கமருந்து சோதனைக்காரங்க வந்து என்னைக் காணோம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

விஷயம் இதுதான். அவளைப் போன்ற ஓட்டக்காரர்கள் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கோச் ஒரு நாள் மைதானம், ஒரு நாள் கடற்கரை, ஒரு நாள் மலைச்சரிவு என்று மாற்றிக்கொண்டே இருப்பதால், பாமி விடியற்காலையில் தன் வீட்டைத்தான் சொல்லிவைத்திருக்கிறாள். சோதனைக்காரர்கள் எந்த நாளும் வரலாம்; முன்னால் ஃபோன் செய்யமாட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை ஆள் இல்லையென்றால், மருந்தே தொடாதவளாக இருந்தாலும் தடை. முதல் முறை அவள் தவறு. வெளிநாட்டுப் பந்தயத்திலிருந்து விமானம் தாமதம், மாற்றிச் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டாவது முறை இப்போது.

"நான் வீட்லதான் தூங்கிட்டிருந்தேன். பெல் அடிக்கல. ஜட்ஜ் குலைக்கல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா போட்டி, உலகப் போட்டி, எல்லாம் போச்சு. திரும்பி வர்றதுக்குள்ள என் கால் கிழவியாயிரும்."

அன்றைக்குப் பார்த்து நான் மே பென் ஊரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தில் எது நடந்தாலும் நான் ஊரில் இல்லாத நாளைத்தான் தேர்ந்தெடுக்கிறது. பின்னி முடித்துவிட்டு அவளோடு நேரே கடைக்குப் போனேன்.

"மாஸ் செப்பி, புதன்கிழமை காலையில யாராவது பாமியைக் கேட்டு வந்தாங்களா?"

"பாமியையா? இல்லையே." தாடியைச் சொறிந்தார். "ஒருத்தன் வந்தான். கெசாயா டங்க்ளி வீடு எதுன்னான். கழுத்துல அட்டை, கையில பை. விடுவேனா? அப்படி யாரும் இந்தச் சந்துலயே இல்லேன்னு அனுப்பிட்டேன்."

"எங்க நின்னு சொன்னீங்க?"

"இங்கதான்."

அந்தப் படத்துக்கு அடியில்தான். பாமியின் கால் அவர் தலைக்குமேல் தடையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பாமி கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள், கடையில் இருந்த எல்லோரும் கேட்கிற மாதிரி.

"கர்த்தாவே" என்றாள் சிஸ்டர் மெர்டெல். "நானும் அவனைப் பார்த்தேன். ஜட்ஜுக்கு எலும்பு போட்டு வாயை அடைச்சதே நான்தான்."

"நாளையிலேர்ந்து நான் சந்து முனையில நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்" என்றாள் பாமி.

"தூக்கத்தை விட்டுட்டா? உன் கோச் எங்களை உரிச்சிடுவார்" என்றார் மாஸ் செப்பி. "நீ தூங்கு. நாங்க பாத்துக்கறோம். இனி அட்டை மாட்டினவன் வந்தா நடக்க விடமாட்டேன், தூக்கிட்டு வந்து உன் கேட்ல இறக்குவேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், பாவிகள்.

அடுத்த வாரமே ஒரு விடியலில் வந்தார்கள். இரண்டு பேர், பை, அட்டை. வாயைத் திறக்குமுன் மாஸ் செப்பி ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கெசாயா டங்க்ளிதானே? வாங்க, வாங்க!" சிஸ்டர் மெர்டெல் இரவு அங்கியோடு முன்னால் போய்ப் பள்ளங்களைக் காட்டினாள். யாரோ ஜட்ஜைக் கட்டினார்கள். நான் பெல்லை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. வளைவு தாண்டி, கம்பம் தாண்டி, தலைக்குமேல் காயப்போட்ட நூடுல்ஸ் மாதிரி தொங்கிய அத்தனை ஒயர்களுக்கும் அடியில் அவர்களை ஊர்வலமாகக் கூட்டிவந்தோம். அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். படித்த ஆட்களுக்கு ஆகாயம் பிடிக்கும்போல என்று நினைத்தேன்.

பாமி தலைத்துணியோடு அடையாள அட்டையை நீட்டியபடி ஓடிவந்தாள். "நான் ரெடி. பாட்டில் எங்கே?"

"என்ன பாட்டில்மா?" என்றான் ஒருவன். "நாங்க கரண்ட் கம்பெனி."

சிஸ்டர் மெர்டெல்கூட ஜெபிக்கவில்லை. முற்பகலுக்குள் ஏணி வண்டி வந்தது. அன்று ராத்திரி சந்தில் ஒரே ஒரு வீட்டில்தான் வெளிச்சம்.

பாமி வீடு வீடாகப் போனாள். "என்னாலதானே" என்று நின்றாள். "போ பொண்ணே, வெளிச்சம் இல்லேன்னா என் சுருக்கம் தெரியாது" என்றேன் நான். மாஸ் செப்பி மட்டும் பேசவில்லை. ஃப்ரீசர் நிறைய மீனும் கோழியும் இருந்தன. உருகி வழிந்து கடைவாசலெல்லாம் நாற்றம், பூனைகளுக்குக் கல்யாணம். என் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கோங்க என்று பாமி சொன்னதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொம்பளப் பிள்ளை வீட்டு வெளிச்சத்துல நான் கடை நடத்தமாட்டேன்." அன்றிலிருந்து ஐஸும் இல்லை, அலறலும் இல்லை. கோச் லூவின் எங்கிருந்தோ கொஞ்சம் ஐஸ் கொண்டுவந்து அவள் காலில் வைத்துக் கட்டினார். அவள் மாடிப்படி இறங்குகிற கிழவி மாதிரி நடந்தாள்.

வார முடிவில், சொல்லக்கூடாது, கொக்கிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏறின. மாஸ் செப்பியின் ஃப்ரீசரும் உறுமத் தொடங்கியது. உள்ளே புது மீன். பாமி மட்டும் ஐஸ் கேட்டுப் போகவில்லை. அடுத்த முறை மாட்டினால் ஜெயில் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இன்னொன்றும் இருந்தது. எந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் சந்து திறந்துகொள்ளும் என்பது இப்போது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். மாஸ் செப்பி கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சந்து வாயில் ஒரு கார் நின்றது. ஒரு ஆணும் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பை. கழுத்தில் அட்டை.

"காலை வணக்கம். கெசாயா டங்க்ளி வீடு எங்க இருக்கு?"

என் வாய் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒட்டிக்கொண்டது. என்னுடைய முடி உலர்த்துகிற இயந்திரமும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது.

"நீங்க எங்கேர்ந்து?" என்று கேட்டார் மாஸ் செப்பி.

"அதை அவங்ககிட்டதான் சொல்ல முடியும்" என்றாள் அந்தப் பெண்.

கரண்ட் கம்பெனியாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். மாஸ் செப்பி என்னைப் பார்த்தார். உள்ளே ஃப்ரீசர் உறுமிற்று. பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தார், அந்த மாமியார் முகத்தை, வெகுநேரம். இல்லையென்று சொல்லப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் கையில் ரொட்டி நசுங்கியது.

"இதோ இவதான்" என்றார் சுவரைக் காட்டி. "படத்துல இருக்கிறதைவிட நேர்ல அழகு. வாங்க, நானே காட்டறேன்."

அவரே முன்னால் நடந்தார், தன்னுடைய கொக்கிக்கு அடியில், தலையை நிமிர்த்தாமல். பின்னால் நான் எனக்குத் தெரிந்த வேதாகமச் சங்கீதங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு வரிதான் தெரியும். நீலக் கேட்டில் பெல் அடித்தது, ஜட்ஜ் குலைத்தது, பாமி வந்தாள். இந்த முறை அவள் எதையும் கேட்கவில்லை. பயந்துபோய் அவர்கள் பையையே பார்த்தாள். அந்தப் பெண் பையைத் திறந்து, மூடி முத்திரையிட்ட பாட்டில்களை வெளியே எடுத்தாள்.

மாஸ் செப்பி கேட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இத்தோடு முடிந்ததென்று நினைத்தோம். பாமிக்கோ மூத்திரம் வரவில்லை. எழுந்ததுமே போய்விட்டு வந்திருந்தாள். வரும்வரை அந்தக் கண்ணாடிப் பெண் அவளைக் கண்பார்வையைவிட்டு விடக்கூடாதாம். பாமி அறைக்குப் போனால் அவளும் அறைக்கு, கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு.

"பாத்ரூமுக்குமா?" என்றாள் சிஸ்டர் மெர்டெல்.

"பாத்ரூமுக்கும்தான்."

"என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துல அந்தக் கதவைத் தாண்டினதில்ல!"

வெயில் ஏறியது. சந்து முழுக்கத் தகரவேலி ஓரமாகக் கூடிவிட்டது. ஒருத்தி கசப்புக் கஷாயம் கொண்டுவந்தாள், ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டு "அந்தச் சத்தத்தைக் கேளு மகளே" என்றாள். கோச் லூவின் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. பெயிண்ட் டப்பாக்களையும் துடைப்பக் கட்டைகளையும் சந்து நெடுக வைத்துத் தடைகள் ஆக்கினார். "காத்திருக்கிற நேரத்துக்கு இடதுகால்."

பாமி தாண்டினாள். ஒவ்வொரு தடைக்கும் கண்ணாடிப் பெண் கூடவே செருப்பு தட்டத் தட்ட ஓடினாள். வளைவில் பாமி மறைந்துவிடக் கூடாதே! மூன்றாம் சுற்றில் செருப்பைக் கழற்றிவிட்டாள். நாங்கள் இரண்டு பேருக்கும் கைதட்டினோம்.

பாமிக்கு வியர்த்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. அப்போது மாஸ் செப்பி தோளில் இளநீர்க் குலையோடு வந்தார். வாரக்கணக்கில் அவள் முகம் பார்க்காதவர், இப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல் அதிகாரியிடம்தான் பேசினார்.

"இதைக் குடிக்கலாமா?"

"அவங்க இஷ்டம். முத்திரை வெச்ச பாட்டில்னா நல்லது. வேற எதுல என்ன கலந்திருந்தாலும் பொறுப்பு அவங்களோடதுதான்."

"இதுவும் முத்திரை வெச்சதுதான்" என்றார் மாஸ் செப்பி. "உங்க பாட்டிலுக்கு ஏதோ கம்பெனி முத்திரை. இதுக்குக் கர்த்தர் வெச்சது. உள்ள கை விட்டவன் எவன்னு சொல்லுங்க பாக்கலாம்."

கண்ணாடிப் பெண் முதன்முதலாகச் சிரித்தாள். அவர் பாமியின் கண் முன்னால் அரிவாளை ஓங்கிச் சீவினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"மாஸ் செப்பி, உங்க மீன்..."

"மீன் கடல்ல இருக்கு. குடி."

ஒன்று குடித்தாள், இரண்டு குடித்தாள். மூன்றாவது பாதியில் சட்டென்று எழுந்து உள்ளே ஓடினாள், பின்னால் வெறுங்காலோடு அந்தப் பெண். கதவு மூடியது. சற்றுப் பொறுத்துக் கதவு திறந்து, அந்தப் பெண் தலையை மட்டும் வெளியே நீட்டி, "போதும், போதும்" என்றாள். சந்து வெடித்தது. உலகத்தில் எந்த மூத்திரத்துக்கும் அப்படியொரு கரகோஷம் கிடைத்திருக்காது. சிஸ்டர் மெர்டெல் ஸ்தோத்திரமே பாடிவிட்டாள்.

கார் போன பிறகு பாமி ஒரு தடித்த ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். "உங்க கொக்கியைக் கழட்டுங்க. ஃப்ரீசர் இனிமே என் மீட்டர்ல."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல..."

"உங்க இளநீரை நான் குடிச்சேன்ல?"

அவர் ஒயரின் மறுமுனையைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது கண்ணைத் துடைத்தார். மீன் நாற்றம் இன்னும் போகவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் பீப்பாயில் ஐஸ் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அலறல். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நான் ஜன்னலில் வெகுநேரம் நின்றேன். ஒரு பெண் குளிரில் கத்துவதைக் கேட்டு யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா என்று தெரியவில்லை.

தேர்வுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள், அணியில் இடம். மைக்கை நீட்டியதும் மூச்சு வாங்க வாங்க நன்றி சொன்னாள்: கர்த்தருக்கு, கோச்சுக்கு, அம்மாவுக்கு, கொய்யாச் சந்துக்கு. நாங்கள் ஏன் நாலாவது என்று கடையில் இன்னும் விவாதம் நடக்கிறது.

இனி கழுத்தில் அட்டையோடு யார் வந்து பாமியைக் கேட்டாலும் நேரே நீலக் கேட்டுக்குக் கூட்டிப்போவோம். அவளுடைய மீட்டரிலிருந்து தகரவேலிக்கு அடியில் போகிற ஒயர் இப்போது எத்தனை வீடுகளுக்குள் நுழைகிறது, அதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று கேட்டீர்களானால், எனக்கு ஒன்றும் தெரியாது. நான் இந்தச் சந்துக்கு இன்று காலையில்தான் குடிவந்தேன்.